சமயம் பேசி வெல்லத் தேவையில்லை: திருகோணமலை இளைஞர் பணியாளர் ஒருவருக்குப் பதில்

திருகோணமலையில் இளைஞர் நிலையம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: “கிண்ணியா, உப்புவெளி, கந்தளாய் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எங்களிடம் பிள்ளைகள் வருகிறார்கள். பதினைந்து, பதினாறு வயது. சிலர் ஃபோனில் பார்க்கிற வீடியோக்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. தீவிரவாதக் கும்பல்கள் இவர்களை இழுத்துக்கொள்ளாமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்? சமயமோ அரசியலோ பேசி வெல்கிற அளவுக்கு எனக்கு அறிவு இல்லை.”

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், தங்கச்சி. பேசி வெல்கிற வேலையே உங்களுக்கு இல்லை. இந்த விஷயத்தில் கொள்கை கடைசியில்தான் வருகிறது. ஆள் பிடிக்கிறவன் முதலில் கொண்டுவருவது இரண்டு சாமான்: நேரம் ஒன்று, அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிற ஒரு விஷயம் இன்னொன்று. இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டாலும் பதில் போடுவான். வீட்டில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பான். “நீ மற்றப் பொடியன்கள் மாதிரி இல்லை, யோசிக்கிறவன்” என்பான். பதினாறு வயதில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் நாமும் அவர் பின்னால் கொஞ்சத் தூரம் போயிருப்போம். வீடியோ, சத்தியம், இயக்கத்தின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. அவனோடு போட்டியென்றால் அந்த இரண்டிலும்தான் போட்டி.

வறுமைதான் காரணம், தொழிற்பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். தொழிற்பயிற்சி நல்லதுதான், கொடுங்கள். ஆனால் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டோடு போனவர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் மசாலாச் சரக்கு வியாபாரம் செய்த கோடீஸ்வரக் குடும்பத்துச் சகோதரர்கள். இன்னொருவர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். இவர்களை இழுத்தது பசி இல்லை. தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடிக்காரன். தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரிச் சரளமாக, பேஸ்புக்கிலும் யூடியூபிலும் பேசினான். ஊர் முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டியே முறைப்பாடு செய்திருந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த கூட்டத்தைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் மக்கள்தான். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு வாப்பா உங்களிடம் “எங்களை ஏன் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள்” என்று கேட்டால் சொல்வதற்கு இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது முஸ்லிம் பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு திருகோணமலையில் இந்த வேலையைச் செய்ய முடியாது. 1971 கிளர்ச்சிக்கு முன்னால் ஜே.வி.பி. சிங்களக் கிராமத்து இளைஞர்களுக்கு நடத்திய “ஐந்து வகுப்பு”களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் வகுப்பு பொருளாதார நெருக்கடி. வேலையில்லாத ஒருவன் மறுக்கவே முடியாத விஷயம். ஆட்சியை எப்படிப் பிடிப்பது என்பது ஐந்தாவது வகுப்பில்தான் வரும். போர்க்காலத்தில் புலிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2004 பிளவுக்குப் பிறகு கருணா அணியும் அதையே செய்தது. யுனிசெப்பே பதிவு செய்த விஷயம் இது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் அதை நினைத்து இன்றும் தூக்கம் வராத தாய்மார் இருக்கிறார்கள். 2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்தியவர்களில் பலர் பேஸ்புக்கைப் பார்த்துக் கிளம்பிய சிங்கள இளைஞர்கள். கொடி வேறு, பாஷை வேறு. வழி ஒன்றுதான், மறுக்க முடியாத ஒன்றில் தொடங்கித் திரும்ப முடியாத ஒன்றில் முடிப்பது.

அந்த மறுக்க முடியாத ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுத விரும்புகிறேன். புதிதாக வருகிற பணியாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்.

நம்முடைய மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காயம் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலையடியில் நின்ற ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கைதான 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது, பின்னாலேயே கடைகள் எரிந்தன. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு கிளம்பிக் கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர்த் தமிழர்கள் இடம்பெயர்ந்து, சொந்தக் காணிக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் காத்திருந்தார்கள். சிங்களக் கிராமங்களில் பஸ்ஸில் போய்த் திரும்பி வராதவர்களின் கதை இருக்கிறது. உங்களிடம் வருகிற பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறார்கள், அதுவும் பாதிப் பாதியாக. மீதிப் பாதியை நிரப்புகிறவன்தான் ஆபத்தானவன்.

ஒரு நாள் மாலை ஒரு பையன் உங்களிடம் சொல்வான், “உங்களுக்கென்ன மிஸ், எல்லாத்துக்கும் சமாதானம் என்பீர்கள். அந்த அஞ்சு பேருக்கு என்ன நடந்தது?” இந்தக் கேள்வி வரும், நிச்சயம் வரும். “பழசைக் கிளறாதே தம்பி, படிக்கிற வேலையைப் பார்” என்று சொன்னால் அதோடு முடிந்தது. அவன் இனி உங்களிடம் எதுவும் கதைக்க மாட்டான். கிரிக்கெட்டுக்கு வருவான், கரம் விளையாடுவான், அவ்வளவுதான். உண்மையைப் பேசுகிற ஆள் வேறு எங்கோ இருக்கிறான் என்று முடிவெடுத்திருப்பான்.

நான் சொல்லச் சொல்வது இப்படி: “ஓம், நடந்தது. ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை. எனக்கும் அது ஆறவில்லை.” கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அவன் இன்னும் ஏதாவது சொல்வான், கேளுங்கள். அப்புறம் மெல்ல, “உனக்கு இதை யார் சொன்னது?” என்று கேளுங்கள். அதற்கும் பிறகு, “சொன்னவர் அடுத்ததாக என்ன செய்யலாம் என்றார்?” அம்மா சொன்னதாக இருந்தால் பெரும்பாலும் அதோடு கதை நிற்கும். “ஒரு அண்ணன் சொன்னவர், அவருடைய குரூப்பில் போட்டிருந்தவர், இதை வெளியில் கதைக்க வேண்டாம் என்றவர்” என்று பதில் வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மூதூர் முஸ்லிம் பையனிடமும் கந்தளாய்ச் சிங்களப் பையனிடமும் சம்பவம்தான் மாறும், கேள்வி மாறாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. துக்கத்தையும் தீவிரவாதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நவம்பரில் அண்ணனுக்கு விளக்கு ஏற்றுகிற தங்கை, இறந்த பெரியப்பாவின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிற பையன், இவர்கள் யாரும் எதிலும் சேரவில்லை. அழுகிறார்கள். அதேபோல, தாடி வளர்ப்பது, ஐந்து நேரம் பள்ளிவாசலுக்குப் போவது, அபாயா போடுவது, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பிரித் நூல், இதெல்லாம் அறிகுறியே இல்லை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அளந்த காலத்தில்தான் பலர் நம்பிக்கை இழந்தார்கள். சமயப் பற்று கூடுவதற்குப் பதின்ம வயதில் நூறு காரணம் இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது உறவுகளில் வருகிற மாற்றத்தை. நேற்றுவரை சேர்ந்து விளையாடிய டீமை ஒரே நாளில் விடுகிறான். இன்னொரு சமூகத்தைப் பற்றிப் பேசும்போது “அவர்கள்” என்பது போய் மிருகத்தின் பெயரோ பூச்சியின் பெயரோ வருகிறது. தன்னுடைய வார்த்தை இல்லாத ஒரு பாஷையில், மனப்பாடம் செய்த மாதிரி, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். வீட்டுக்குத் தெரியாமல் இரண்டாவது சிம். யாரோ கேட்டதாகச் சின்னச் சின்ன வேலைகள்: ஒரு போஸ்டர் ஒட்டுவது, ஒரு பார்சலைக் கொடுப்பது. சின்ன வேலைதான் பொறி. செய்துவிட்டால் மாட்டிக்கொண்டோம் என்கிற பயமே அவனைப் பிடித்துவைக்கும். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்த இளைஞர்களுக்கும் ஸஹ்ரானின் கூட்டத்துக்கும் தொடர்பு இருந்தது பின்னால் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வீடு திரும்ப வழி எங்கே?

சரி, முன்கூட்டியே என்ன செய்யலாம்? பிள்ளைகளுக்கு ஆள் பிடிக்கிற வித்தையைக் காட்டிக்கொடுங்கள். எந்தக் கொள்கையையும் தொடாமல் வித்தையை மட்டும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960களில் சொன்ன யோசனை இது. பிரசாரத்தைப் பலவீனமான அளவில் முதலே காட்டி, அதற்குப் பதில் சொல்லவும் பழக்கினால், பின்னால் முழு வீச்சில் வரும்போது மனம் தாங்கும், தடுப்பூசி மாதிரி. நான் இதைத் தொடங்குவது வெளிநாட்டு வேலை மோசடியிலிருந்து. மியன்மாரின் மியாவடியில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். ரஷ்யாவில் நல்ல சம்பளம் என்று நம்பிப் போய் உக்ரேன் போர்முனையில் நின்ற முன்னாள் இராணுவத்தினரின் கதையும் தெரியும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எந்தப் பிள்ளைக்கும் இதில் கோபம் வராது, எல்லோரும் பேசுவார்கள். ஒரு பெரிய டிமை பேப்பரை நிலத்தில் விரித்து, மார்க்கர் பேனையை அவர்கள் கையில் கொடுத்து, ஏஜென்ட் முதலில் என்ன சொன்னான், அடுத்து என்ன சொன்னான், எந்த இடத்தில் “வீட்டில் சொல்லாதே” என்றான், எந்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கினான் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு, “இதே படிகளில் வேறு யார் வருவார்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது ஒரு பிள்ளை சொல்லும். நீங்கள் சொல்வதைவிட அது சொன்னால் பத்து மடங்கு ஏறும்.

அடுத்த வாரத்துக்கு அம்பாறைச் சாப்பாட்டுக் கடைக் கதையை எடுங்கள். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்த சிங்களவர்கள் கறியில் ஒரு கட்டியைக் கண்டார்கள். “மலட்டு மாத்திரை போட்டாயா?” என்று காசாளரைச் சுற்றி நின்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்தில் “ஓம்” என்றார். அதை ஃபோனில் எடுத்துப் பரப்பினார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பிறகு பார்த்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு. சாப்பாட்டில் போட்டு ஒருவரை மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் அடுத்த வாரமே திகன எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. 2018 வன்முறையில் தன் பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

இதை நாடகமாக நடிக்க விடுங்கள். சிங்களப் பையன் காசாளராக நிற்கட்டும், தமிழ் பேசுகிற பிள்ளைகள் சுற்றி நின்று வேகமாகத் தமிழில் கேள்வி கேட்கட்டும். பாஷை புரியாமல் எட்டுப் பேர் சத்தம் போட்டால் தலை தானாக ஆடும். அதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு அடுத்த தடவை “ஒப்புக்கொண்ட வீடியோ” ஒன்று ஃபோனுக்கு வந்தால் விரல் கொஞ்சம் நிற்கும். உங்கள் நிலையத்தில் இரண்டு பாஷைப் பிள்ளைகளும் இருப்பது பெரிய வாய்ப்பு. ஒரு பாஷைப் பிள்ளைகள் மட்டும் வருகிற இடத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யவே முடியாது.

நேரம் என்றேன் அல்லவா. அதை எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலான நிலையங்கள் நாலரைக்குப் பூட்டப்படும். பிள்ளைகள் ரியூசன் முடிந்து வருவது ஆறரைக்கு. ஆறரை முதல் எட்டு வரை அவர்கள் நிற்கிற இடத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், மைதானத்து ஓரமோ, டச்சு பேயில் பிளேன்டீ குடிக்கிற இடமோ. தகப்பன் கட்டாரில், தாய் குவைத்தில், வளர்ப்பது உம்மம்மா என்கிற வீடுகள் உங்கள் பிள்ளைகளில் எத்தனை என்று மனதில் ஒரு கணக்கு வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு வருகிற நாளில் ஒரு ஃபோன் எடுத்தால் போதும், அது நின்று பேசும். சாதாரண தரத்தில் கணிதம் கோட்டைவிட்ட அடுத்த வாரம்தான் ஒருவன் மிகவும் தனியாக இருக்கிற வாரம்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். மைதானத்தில் அவர்கள் இல்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களிடம் வருகிறவன் பெரும்பாலும் தனி மெசேஜில் வருவான், கல்யாணம், கௌரவம், வீட்டை விட்டு விடுதலை என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவான். ஒரு பெண் பணியாளராக நீங்கள் இருப்பது அங்கே கைகொடுக்கும். தையல் வகுப்போ ஆங்கில வகுப்போ, எந்தச் சாக்கிலாவது உம்மாமாரும் அம்மாமாரும் உங்களை முகம் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

கோபத்துக்கு ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். “கோபப்படாதே” என்பதால் ஒன்றும் ஆகாது. மைதானத்துக்கு லைட் போட ஒதுக்கிய காசு என்ன ஆனது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெரியவர் ஒருவரின் கையெழுத்தோடு பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதவையுங்கள். பதில் வரும் வரை பிள்ளைகள் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய அநியாயங்களுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நகரத்திலேயே இருக்கிறது, ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். நீதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தாலே போதும்.

இனிக் கஷ்டமான பகுதி: யாரிடம் எதைச் சொல்வது. பிள்ளை மனம் திறக்கும் முன்பே, முதல் நாளே, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.” தாக்குதல் ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்தால் பொலிஸுக்குப் போவதைத் தவிர வழியில்லை, 119. பிள்ளையே துன்புறுத்தப்படுகிறது, மிரட்டப்படுகிறது என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மனம் உடைந்து கிடந்தால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். இந்த மூன்றுக்கும் உட்படாத சந்தேகங்களை உங்கள் மேலதிகாரியோடும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரோடும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நீங்கள் உளவு பார்க்கிறவர் இல்லை. ஸ்கிரீன்ஷொட் சேர்க்காதீர்கள், பெயர்ப் பட்டியல் எழுதாதீர்கள். இந்த நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) இருக்கிறது, இரண்டுமே எழுதியவர்களையும் பகிர்ந்தவர்களையும் உள்ளே வைக்கப் பயன்பட்டவை. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக 2020 மேயில் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுதலை செய்தது. விசாரணை இல்லாமலே ஒருவரைப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்ற 2021 ஒழுங்குவிதிகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்த வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இது எல்லாம் தெரியும். உங்கள் கொப்பியில் தன் பெயர் இருக்கிறது என்று ஒருவன் கண்டால் மொத்த நிலையமும் அடுத்த நாள் காலி. இன்னொரு பக்கம், ஆத்திரத்தில் ஒரு போஸ்ட்டைப் பகிர்ந்தால் என்ன நடக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிவைப்பதும் உங்கள் வேலைதான்.

ஒருவன் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டான் என்றால் வாதாடாதீர்கள், விலக்கவும் செய்யாதீர்கள். “நாங்கள் எல்லோரும் துரோகிகள் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்” என்று நீங்கள் கோபமாகக் கதவைச் சாத்தினால் அவர்கள் சொன்னது நிரூபணமாகிவிடும். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தில் இப்படியான இளைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியைக் கொடுத்து, படிப்பு, வேலை, வீடு என்று சாதாரண விஷயங்களைத்தான் பேச வைத்தார்கள். ஜெர்மனியில், நாஜிக் கூட்டங்களை விட்டு வெளியேற உதவுகிற எக்ஸிட் என்ற அமைப்பு 2011இல் இன்னொரு வேடிக்கை செய்தது. நவநாஜிகளின் இசை விழாவில் மண்டையோட்டுப் படம் போட்ட டீ-சேர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு தடவை துவைத்ததும் மேல் படம் போய், உள்ளே வேறு எழுத்து: உன் சேர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்று. நம்மூர் வெயிலிலும் உப்பிலும் அந்த சேர்ட் துவைக்காமலே வெளுத்திருக்கும், அது வேறு கதை. வழி திறந்திருக்கிறது என்று கூட்டத்துக்குள் இருக்கும்போதே தெரிவித்தார்கள் பாருங்கள், அதைக் கவனியுங்கள்.

மௌலவியையோ பங்குத்தந்தையையோ பிக்குவையோ கூப்பிடுவதா என்றும் யோசிப்பீர்கள். பிள்ளை ஏற்கெனவே நம்புகிற ஒருவர் என்றால் கூப்பிடுங்கள். மேடைக்காக யாரையும் கூப்பிட வேண்டாம்.

கடைசியாகப் பேனர். நிதி கொடுக்கிறவர்கள் “வன்முறைத் தீவிரவாதத் தடுப்பு” என்று பெரிய எழுத்தில் போடச் சொல்வார்கள். அந்தப் பேனரைக் கிண்ணியாவில் மட்டும் கட்டினால் அந்த ஊருக்கே முத்திரை குத்துகிறீர்கள். முடிந்தவரை சண்டை போட்டுப் பெயரை மாற்றுங்கள். “ஃபோனில் ஏமாறாமல் இருப்பது எப்படி” என்று போட்டால் கூட்டமும் அதிகம் வரும். அதே நிகழ்ச்சியை அதே பெயரில் அதே மாதத்தில் கந்தளாயிலும் உப்புவெளியிலும் வைக்க முடியும் என்றால் மட்டும் கிண்ணியாவில் தொடங்குங்கள். முடியாது என்று சொன்னால், நகரத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு மண்டபத்தைக் கேளுங்கள், பஸ் காசை நிதியில் போடச் சொல்லுங்கள்.